அடி வாங்கும் அட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்கு முன்னுரை வேண்டாம். டபிள்யூ.டபிள்யூ.எஃப் ட்ரம்ப் கார்டு. அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் நாலு பேர், கையில் அழுக்கேறி மூலை மடங்கிய ஒரு கட்டு. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு மல்யுத்த வீரரின் படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ். "எடை" என்று ஒருவன் சொல்வான். யாருடைய ஆள் கனமோ அவனுக்கு எல்லார் அட்டையும். ரேங்கில் மட்டும் சின்ன எண் ஜெயிக்கும். அதைப் புதிதாய் வந்தவனிடம் சொல்லாமல் ஏமாற்றுவது எங்கள் வகுப்பு வழக்கம்.

அந்த விளையாட்டில் ஒரு குறை இருந்தது. அது எனக்கு விளங்க இருபது வருடம் ஆயிற்று. மல்யுத்த வீரனுடைய உடம்பை அளந்துவிட்டால் அவனை அளந்துவிட்டதாக அந்த அட்டை நினைத்தது. மேடையில் அவன் என்ன செய்வான், அடி விழுந்தால் என்ன ஆவான் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

இன்று நான் பேச வந்தது, அதற்கென்றே வரிகள் எழுதிய வேறு அட்டைகளைப் பற்றி. அமெரிக்காவில், தொலைக்காட்சியின் பெரிய வெளிச்சத்துக்கு வெளியே, சின்னச் சின்ன மண்டபங்களில் நடக்கும் மல்யுத்தத்தை மேசைமேல் கொண்டுவந்த விளையாட்டுகள். அதிலும் ஹார்ட்கோர் என்கிறார்களே, முள்கம்பி, மடக்கு நாற்காலி, டியூப் லைட் எல்லாம் வரும் வகை, அதை வெறும் அட்டையும் பகடையும் எப்படிச் சொல்லும் என்பதுதான் என் ஆர்வம்.

முதலில் அந்த மண்டபம். ஃபிலடெல்ஃபியா நகரின் தென்பகுதியில், நெடுஞ்சாலை மேம்பாலத்தை ஒட்டி ஒரு பழைய கிடங்கு. அதில் பிங்கோ நடக்கும். நம் ஊரில் தம்போலா என்போமே, அதுதான். பிங்கோ இல்லாத இரவுகளில் அங்கே மடக்கு நாற்காலி போட்டு, ஆயிரத்துச் சொச்சம் பேர் முன்னால் மல்யுத்தம் நடத்தினார்கள். ஈ.சி.டபிள்யூ என்ற நிறுவனம். 1992-ல் 'ஈஸ்டர்ன்' என்று தொடங்கியது, 1994-ல் 'எக்ஸ்ட்ரீம்' என்று பெயர் மாறியது. எழுத்து அதே ஈ, அர்த்தம் வேறு. 2001-ல் கடனோடு மூடினார்கள். பார்க்க வந்தவர்கள் வீட்டிலிருந்து தோசைக்கல் மாதிரி இரும்புச் சட்டியெல்லாம் கொண்டுவந்து, "இதால் அடி" என்று வீரர்களிடம் நீட்டுவார்களாம்.

ஒரு சின்னச் செய்தி. அங்கே சாண்ட்மேன் என்ற வீரர் ஒரு பிரம்போடு வருவார். அதன் பெயர் 'சிங்கப்பூர் கேன்'. 1994-ல் சிங்கப்பூரில் ஓர் அமெரிக்க இளைஞனுக்குப் பிரம்படி தண்டனை கொடுத்தது உலகமெல்லாம் பேச்சானது அல்லவா? அந்தச் சூட்டோடு சூடாக வைத்த பெயர். உண்மையில் அது ஜப்பானியக் கெண்டோ பயிற்சியில் பயன்படும் மூங்கில் கழி. சிங்கப்பூரில் ரோத்தானைப் பார்த்திருக்கிற நம் ஆட்கள் யாரும் அதை ரோத்தான் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சரி, அட்டைக்கு வருவோம்.

நியூயார்க் மாநிலத்தில் ஜேம்ஸ்டவுன் என்று ஒரு சிறு நகரம். அங்கே டாம் ஃபில்சிங்கர் என்பவர் 1986-ல் 'சாம்பியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' என்ற விளையாட்டை வெளியிட்டார். கதை 2087-ஆம் ஆண்டில் நடக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் எல்லாம் மல்யுத்தம் செய்வார்கள். பின்னால் காமிக்ஸ் உலகில் பெயர் வாங்கிய டாரில் பேங்க்ஸ் படம் வரைந்தார். கற்பனை ஆட்களோடு தொடங்கிய அதே விதிமுறையில் பிற்பாடு நிஜ வீரர்களும் வந்தார்கள். பழைய ஜாம்பவான்கள் ஒரு தொகுதி, 2002-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த 'ரிங் ஆஃப் ஹானர்' போன்ற, பெரிய நிறுவனத்தைச் சேராத சுதந்திர மேடைக்காரர்கள் இன்னொரு தொகுதி.

இந்த அட்டையில் மார்பளவு இல்லை. அட்டையின் ஒரு பாதி தாக்குதல். மூன்று நிலை, ஒவ்வொரு நிலையிலும் ஆறு பிடி. பகடை உருட்டினால் எந்தப் பிடி என்று தெரியும். மறு பாதிதான் எனக்குப் பிடித்தது. அது தாங்குதல். அதிலும் மூன்று நிலை, ஆறு ஆறு வரி. எதிராளி போட்ட பிடி எந்த நிலையைச் சேர்ந்ததோ, அந்த நிலையில் நீங்கள் பகடை உருட்ட வேண்டும். கிறங்கி நிற்கிறீர்களா, வலி கண்டதா, தரையில் விழுந்தீர்களா, இல்லை எழுந்து திருப்பி அடிக்கிறீர்களா என்பது அதில் எழுதியிருக்கும். ஒரு வீரனைப் பற்றிய தகவலில் சரிபாதி, அடிபட்டால் அவன் என்ன ஆவான் என்பது. எங்கள் ட்ரம்ப் கார்டு இதை யோசித்தே பார்க்கவில்லை.

அப்புறம் தோளைத் தரையில் அழுத்தி மூன்று எண்ணும் கட்டம். இதற்கு இரண்டு பகடை. ஒவ்வொரு வீரருக்கும் ஓர் எல்லை உண்டு. உதாரணத்துக்கு 2 முதல் 6 வரை என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை அதற்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பகடையில் 36 விதமாக விழலாம், அதில் 15 இந்த எல்லைக்குள் வரும். எல்லையை 7 வரை தள்ளினால் 21. ஒரே ஓர் எண்தான் கூடியது, ஆனால் பிழைப்பவன் என்ற நிலையிலிருந்து தோற்பவன் என்ற பக்கம் சாய்ந்துவிடுகிறான். தாயம் ஆடிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த மாதிரிக் கணக்கு கையிலேயே இருக்கும். வீரனின் முத்திரைப் பிடி விழுந்திருந்தால் எல்லை இன்னும் அகலமாகும்.

இங்கே ஒரு கேள்வி வரும், எனக்குத் தெரியும். "அதெல்லாம் டூப்புதானே சார், யார் ஜெயிப்பது என்று முன்னாடியே முடிவு செய்துவிடுவார்களே, அதற்கு எதற்குப் பகடை?" நியாயமான கேள்வி. கிரிக்கெட்டை அட்டை விளையாட்டாக்கினால், பகடை அதிர்ஷ்டத்துக்கும் திறமைக்கும் பதிலாக நிற்கிறது. மல்யுத்தத்தில் அது யாருக்குப் பதில்? திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, இன்று இவன் தோற்கட்டும் என்று சீட்டு எழுதுகிறாரே, அவருக்குப் பதில். அதனால்தான் இந்த விளையாட்டை ஆடுபவர்களை ஆட்டக்காரர் என்று சொல்வதில்லை, 'புரொமோட்டர்' என்கிறார்கள். நீங்கள் எந்த வீரனும் இல்லை, கொட்டகையின் முதலாளி. பெரும்பாலும் தனியாகத்தான் ஆடுகிறார்கள். இரண்டு பக்கமும் தாங்களே உருட்டி, முடிவை நோட்டில் எழுதி, அடுத்த மாதம் யாருக்கும் யாருக்கும் பகை என்று கதை கட்டி, இப்படியே முப்பது வருடம் ஓட்டியவர்கள் உண்டு. அவ்வப்போது ஓரிடத்தில் கூடவும் செய்வார்கள். நான் முதலில் கேள்விப்பட்டபோது சிரித்தேன். இப்போது சிரிப்பதில்லை, என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது.

ஹார்ட்கோர் வந்ததும் இந்த விதிமுறைக்கு ஒரு சிக்கல். வழக்கமான ஆட்டத்தில் நாற்காலியால் அடித்தால் தகுதி நீக்கம், அதற்கும் அட்டையில் எண் உண்டு. எதுவும் செய்யலாம் என்ற ஆட்டத்தில் அந்த எண் செத்துவிடுகிறது. நாற்காலியால் அடிப்பதில் இருந்த ஆபத்து போனதும், எல்லாரும் முதல் நிமிடத்திலேயே நாற்காலியை எடுத்துவிட வேண்டியதுதானே? நிஜ மேடையிலும் இதே சிக்கல்தான். ஈ.சி.டபிள்யூவுக்குப் பிறகு 1999-ல் வந்த சி.இசட்.டபிள்யூ போன்ற நிறுவனங்கள் டியூப் லைட், கண்ணாடி என்று ஏறிக்கொண்டே போனதற்கு ஒரு காரணம் அது. எதற்கும் விலை இல்லையென்றால் எல்லாமே மலிவாகிவிடும்.

இதற்கு அழகான விடை கண்டது, என் பார்வையில், 2000-ல் வந்த 'ரா டீல்' என்ற அட்டை விளையாட்டு. இது டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற பெரிய நிறுவனத்தின் வீரர்களை வைத்துச் செய்ததுதான், சுதந்திர மேடை இல்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இதில் ஒவ்வொருவருக்கும் 60 அட்டைக் கட்டு. அந்தக் கட்டுதான் உங்கள் உடம்பு. எட்டு அடி விழுந்தால், கட்டின் மேலிருந்து எட்டு அட்டையைப் புரட்டிக் கழிக்க வேண்டும். ஐந்தாவது புரட்டலில் எதிர்ப்பிடி அட்டை ஒன்று பொருத்தமாக வந்துவிட்டால் அடி அங்கேயே நிற்கும். மீதி மூன்று தப்பித்தது. கட்டு தீர்ந்தால் தோல்வி. நாளைக்கு அடிக்கலாம் என்று சேர்த்து வைத்த நல்ல அட்டைகள் கண்ணெதிரே குப்பைக்குப் போகும்போது நிஜமாகவே வலிக்கும். விலைக்கும் வழி செய்திருந்தார்கள். நீங்கள் அதுவரை இறக்கிய அடிகளின் கூட்டுத்தொகை ஏற ஏறத்தான் பெரிய அட்டைகளை இறக்க முடியும். தாயம் விழாமல் காய் இறங்காது என்பதுபோல.

அந்த முதல் தொகுதியில் டிரிபிள் எச் அட்டையை எடுத்தால் தொடக்கத்தில் பத்து அட்டை கையில் கிடைக்கும். ஸ்டோன் கோல்டுக்கு ஏழு. மேன்கைண்டுக்கு? இரண்டே இரண்டு. ஏழை என்றால் அப்படி ஓர் ஏழை. ஆனால் அவருக்கு மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்கள். எதிராளியின் ஒவ்வோர் அடியும் இவருக்கு ஒன்று குறைவாகத்தான் விழும். ஒவ்வொரு முறையும் ஒன்றுக்குப் பதில் இரண்டு அட்டை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வெறுங்கை, நேரம் ஆக ஆகக் கை நிறையும். அடிபட்டுக்கொண்டே தேறிவரும் மனிதனை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியுமா?

மேன்கைண்ட் என்ற முகமூடிக்குள் இருந்தவர் மிக் ஃபோலி. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் அண்டர்டேக்கர் என்ற வீரர் இவரைக் கூண்டின் உச்சியிலிருந்து பதினாறு அடி கீழே எறிந்ததைப் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கும் முன்னால், 1994-ல் மியூனிக்கில் கயிற்றில் கழுத்து சிக்கி, வலது காதின் பெரும்பகுதியை இழந்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார். 1995 ஆகஸ்ட் 20 அன்று ஜப்பானின் கவாசாகி மைதானத்தில் ஒரே நாளில் நடந்த 'டெத் மேட்ச்' போட்டியில் இறுதிவரை வந்தார். கயிற்றுக்குப் பதில் முள்கம்பி, வெடிக்கும் பலகைகள். எதிரே நின்றவர் டெர்ரி ஃபங்க். எழுபதுகளில் உலக சாம்பியனாய் இருந்த மனிதர். அன்று அவருக்கு வயது 51. ஃபோலி ஜெயித்தார். எங்கள் வகுப்பில் இந்த மனிதரின் ட்ரம்ப் கார்டை யாரும் விரும்பி வைத்துக்கொண்டதில்லை. உயரம் சுமார், பைசெப்ஸ் சுமார்.

அட்டையில் ஏறாத விஷயமும் உண்டு. 1996 நவம்பரில் மாசசூசெட்ஸில் ஓர் ஈ.சி.டபிள்யூ நிகழ்ச்சியில், வயதைப் பொய்யாகக் கூட்டிச் சொல்லி மேடையேறிய 17 வயதுப் பையன் ஒருவனின் நெற்றி மிக ஆழமாகக் கிழிக்கப்பட்டது. விஷயம் நீதிமன்றம் வரை போனது, கிழித்தவர் விடுதலையானார். அதை ஒரு வரியாக எழுதி எண் கொடுக்க யாருக்கும் கை வராது, வரவும் கூடாது. மேசையில் ஆடும்போது ரத்தம் இல்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி உண்டு. அந்த நிம்மதியோடு கொஞ்சம் கூச்சமும் உண்டு.

கடைசியாக என் வீட்டுக் கவாசாகி. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெறும் பக்கத்தில் ஃபில்சிங்கர் முறையில் இரண்டு அட்டை நானே எழுதினேன். ஃபோலி ஒன்று, ஃபங்க் ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு ஃபங்குக்கு நீ உருட்டு என்றேன்.

"இந்தத் தாத்தாவுக்கு என்னப்பா வயசு?"

"51."

"உங்களைவிடப் பெரியவரா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் நன்றாகவே போயிற்று. ஒரு கட்டத்தில் ஃபோலி, ஃபங்கைத் தரையில் அழுத்திவிட்டார். ஃபங்குக்கு நான் எழுதிய எல்லை 2 முதல் 6. அவள் உருட்டினாள். ஒரு பகடையில் இரண்டு, இன்னொன்றில் நாலு. ஆறு. முடிந்தது. நான் நோட்டை எடுக்கத் திரும்பியபோது, ஓரக்கண்ணில் அவள் விரல் தெரிந்தது. நாலு மெதுவாகப் புரண்டு ஐந்தாயிற்று.

"ஏழுப்பா," என்றாள். "தாத்தா எழுந்துட்டார்."

நோட்டில் எழுதியிருக்கிறேன்: வெற்றி, டெர்ரி ஃபங்க்.

வணக்கம்.