எதிரணி ரசிகர்களும் எழுந்து நின்ற ஆட்டக்காரர்

நேயர்களுக்கு வணக்கம். இத்தாலியக் கால்பந்து வீரர் ராபர்ட்டோ பாஜ்ஜியோ என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1994 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் பாசடீனாவில் பிரேசிலுக்கு எதிராக நடந்த உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், சமநிலையை முறிக்க நடந்த பெனால்டி சுற்றில் அவர் உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்த காட்சிதான். அந்த ஓர் உதையை வைத்து அவரை எடைபோடுவது பெரிய அநியாயம். அவருக்கு முன்பே சக வீரர்கள் பரேசியும் மசாரோவும் வாய்ப்பைத் தவறவிட்டிருந்தார்கள். பாஜ்ஜியோ கோல் அடித்திருந்தாலும் பிரேசிலுக்கு இன்னும் ஓர் உதை பாக்கி இருந்தது. இத்தாலி இறுதியாட்டம் வரை வந்ததே அவரால்தான். நைஜீரியாவிடம் தோற்று ஊர் திரும்ப இருந்த அணியை 88ஆவது நிமிடத்தில் காப்பாற்றி, கூடுதல் நேரத்தில் வெற்றி கோலையும் அவரே அடித்தார். ஸ்பெயினை வென்ற கோலும் 88ஆவது நிமிடத்தில் அவர் அடித்ததே. பல்கேரியாவுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு கோல் அடித்து, அதே ஆட்டத்தில் தொடைத் தசையில் காயம்பட்டு, அந்த வலியோடுதான் இறுதியாட்டத்துக்கு இறங்கினார்.

விசென்சா நகருக்கு அருகே கல்தோஞ்ஞோ என்ற ஊரில் 1967இல் பிறந்தவர். 1985இல், ஃபுளோரன்ஸ் நகரின் ஃபியோரென்டினா அணியில் சேரவிருந்த நேரத்தில், முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த அணி அவரைக் கைவிடவில்லை. அந்த நன்றியை அவர் மறக்கவும் இல்லை. 1990இல் அன்றைய உலகச் சாதனைத் தொகைக்கு அவரை யுவென்டஸுக்கு விற்றபோது ஃபுளோரன்ஸ் தெருக்களில் கலவரமே மூண்டது. அடுத்த ஆண்டு யுவென்டஸ் சட்டையோடு ஃபியோரென்டினாவின் மைதானத்துக்கு வந்தவர், கிடைத்த பெனால்டியை உதைக்க மறுத்தார்; எதிரணிக் கோல்காவலருக்குத் தன் உதை அத்துப்படி என்பதே அவர் சொன்ன காரணம். பிறகு அவரை வெளியே அழைத்தபோது, ரசிகர்கள் வீசிய, ஃபியோரென்டினாவின் ஊதாநிறத் துண்டைக் குனிந்து எடுத்துக்கொண்டு நடந்தார். இதற்காக யுவென்டஸ் ரசிகர்கள் அவர்மீது கோபப்பட்டது நியாயமே. ஆனால் அந்தத் துண்டை எடுத்த கையில்தான் அவர் புகழின் வேர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

1993இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருது பெற்றார். பின்னால் முடிந்த சிறு குடுமியால் 'தெய்வீகக் குடுமி' என்றே இத்தாலியர்கள் அவரை அழைத்தார்கள். மிலான், பொலோன்யா, இன்டர் என்று அணிகள் மாறி, 2000இல் பிரேஷா என்ற சிறிய அணிக்குப் போனார். அவர் ஆடிய நான்கு பருவங்களும் பிரேஷா முதல் நிலை லீகிலேயே நிலைத்தது. அவர் ஓய்வு பெற்ற அடுத்த பருவமே கீழே இறங்கியது. அவர் அணிந்த 10ஆம் எண் சட்டையை வேறு எவருக்கும் தருவதில்லை என்று அந்த அணி முடிவு செய்தது.

2004 மே 16 அன்று மிலானின் சான் சீரோ மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டம். ஆட்டம் முடியும் முன்பே அவரை மாற்றுவதற்கான பலகை உயர்ந்தது. எதிரணித் தலைவர் மால்தீனி நேரே வந்து கட்டித்தழுவினார். அந்தப் பருவத்தின் பட்டத்தை ஏற்கெனவே வென்றிருந்த மிலான் ரசிகர்கள், பிரேஷா சட்டை அணிந்த அந்த மனிதருக்காக எழுந்து நின்று, அவர் கோட்டைக் கடந்து வெளியேறும் வரை கைதட்டினார்கள்.