அம்மா அப்பாவுக்கு நாக்கு சுருளாது, எனக்குச் சுருளும்: நான் யாருடைய பிள்ளை?

(திரையில்: டச் பே கடற்கரை, பின்னேரம். மதில் மேல் இரண்டு பத்து ரூபாய்க் காசுகள்.)

நாக்கை வெளியே நீட்டுங்கள். இரண்டு ஓரத்தையும் மேலே மடித்துக் குழாய் போலச் சுருட்டுங்கள். வருகிறதா? இப்போது பக்கத்தில் இருப்பவரையும் செய்யச் சொல்லுங்கள். சிலருக்கு உடனே வந்துவிடும். சிலர் முகம் முழுவதையும் சுருட்டுவார்கள், நாக்கு மட்டும் அப்படியே கிடக்கும்!

வணக்கம் பிள்ளைகளே. திருகோணமலையில் இருந்து பேசுகிறேன். இந்த வீடியோவுக்குக் காரணம் என் அக்காவின் மகள். தரம் 8 படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் சோற்றைக் கூடத் தொடவில்லை. கண்ணாடிக்கு முன்னால் போய் நாக்கைச் சுருட்டிச் சுருட்டிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, மெல்ல, அம்மாவுக்குக் கேட்காமல் கேட்டாள்: "சித்தி, நான் உண்மையாகவே இந்த வீட்டுப் பிள்ளைதானா?"

வகுப்பில் ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். நாக்கு சுருளுமா, காதுச் சோணை ஒட்டியிருக்கிறதா, நெற்றியில் மயிர்க்கோடு நடுவில் கூராக இறங்குகிறதா. வீட்டில் எல்லாரையும் பார்த்து நிரப்ப வேண்டும். நாக்குச் சுருட்டுவது ஆட்சியான இயல்பு, ஆகவே தாய் தகப்பன் இருவருக்கும் வராவிட்டால் பிள்ளைக்கும் வராது என்று கொப்பியில் எழுதியிருந்தது. அக்காவுக்கும் வராது, அத்தானுக்கும் வராது. இவளுக்கு நன்றாக வருகிறது. பிள்ளை பாவம், அன்று இரவு முழுக்க யோசித்திருக்கிறாள்.

பிள்ளைகளே, அந்த வசனம் பிழை. அது எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். 1940இல் அல்பிரட் ஸ்டேர்ட்டவன்ட் என்ற பெரிய விஞ்ஞானி, நாக்குச் சுருட்டுவதை ஒரே ஒரு பரம்பரையலகு (ஜீன், அதாவது பெற்றோரிடம் இருந்து வரும் டி.என்.ஏ. குறிப்பு) தீர்மானிக்கிறது என்று எழுதினார். 1952இல் இன்னொருவர் ஒரே மாதிரியான இரட்டையர்கள் 33 சோடியைப் பார்த்தார். பரம்பரையலகுகள் அச்சாக ஒன்றாக இருக்கும் இரட்டையர்கள். அதில் 7 சோடியில் ஒருவருக்குச் சுருண்டது, மற்றவருக்குச் சுருளவில்லை! அதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். தன்னுடைய உதாரணத்தை இன்னும் புத்தகங்களில் பார்க்கும்போது சங்கடமாக இருக்கிறது என்று ஸ்டேர்ட்டவன்ட்டே 1965இல் எழுதினார். தன் பிழையைத் தானே ஒத்துக்கொண்ட மனிதர் அவர். அதை நான் மிகவும் மதிக்கிறேன். காதுச் சோணையும் அப்படித்தான். ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டே வகை கிடையாது, நடுவில் எத்தனையோ விதம் உண்டு. அதற்குப் பின்னால் பல பரம்பரையலகுகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

சரி, ஆட்சி, பின்னிடைவு என்றால் என்ன? இந்திய வீடியோக்களில் இதையே ஓங்கு, ஒடுங்கு என்பார்கள், குழம்ப வேண்டாம். மெண்டல் என்ற துறவி 1856 தொடக்கம் எட்டு வருடம் பட்டாணிச் செடி வளர்த்தார், 1866இல் எழுதி வெளியிட்டார், 1900 வரை அநேகமாக யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு பரம்பரையலகிலும் அம்மாவிடம் இருந்து ஒரு பிரதி, அப்பாவிடம் இருந்து ஒரு பிரதி. ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிந்தால் ஆட்சி. இரண்டும் இருந்தால்தான் தெரியும் என்றால் பின்னிடைவு. அவ்வளவுதான்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். காதுக் குறும்பி!

முகத்தைச் சுளிக்காதீர்கள். மனிதரிடம் ஆட்சியையும் பின்னிடைவையும் காட்ட இதைவிடச் சுத்தமான உதாரணம் குறைவு. சிலரின் குறும்பி தேன் நிறத்தில், ஈரமாக, ஒட்டும். சிலருக்குச் சாம்பல் நிறத்தில், உலர்ந்து, தவிடு போல உதிரும். ஈரமானது ஆட்சி, உலர்ந்தது பின்னிடைவு. 2006இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதற்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அவ்வளவு பெரிய டி.என்.ஏ.யில் ஒரே ஒரு எழுத்து! கொரியாவில் அநேகமாக எல்லாருக்கும் உலர்ந்த குறும்பி. ஆபிரிக்காவில் அநேகமாக எல்லாருக்கும் ஈரக் குறும்பி.

இன்னும் கேளுங்கள். அதே பரம்பரையலகு அக்குளிலும் வேலை செய்கிறது. உலர்ந்த குறும்பி உள்ளவர்களுக்கு அக்குள் நாற்றம் மிகக் குறைவு. மதியம் ஒரு மணிக்கு, கால் வைக்க இடமில்லாத கிண்ணியா பஸ்ஸில் நிற்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். (உங்கள் குறும்பி எந்த வகை என்று பார்க்க ஊசி, நெருப்புக்குச்சி எதையும் காதுக்குள் விட்டுவிடாதீர்கள். குளித்துவிட்டுத் துவாயால் வெளிக்காதைத் துடைத்தாலே தெரியும்.)

(திரையில்: காசுகள் மிக அருகில்.)

இந்தக் காசுகளோடுதான் அக்காவின் மகளையும் கூட்டிக்கொண்டு இந்த மதிலில் வந்து உட்கார்ந்தேன். ஒன்று அம்மா, மற்றது அப்பா. இருவரிடமும் ஈரப் பிரதி ஒன்று, உலர் பிரதி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்னம் விழுந்தால் ஈரப் பிரதி, இலக்கம் விழுந்தால் உலர் பிரதி. இரண்டு காசையும் சேர்த்துச் சுண்ட வேண்டும். இரண்டிலும் இலக்கம் விழுந்தால் மட்டும் உலர்ந்த குறும்பிப் பிள்ளை. அந்த அம்மா அப்பா இருவருக்குமே ஈரக் குறும்பி என்பதைக் கவனியுங்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று பிள்ளையிடம் வருகிறது, ஆனாலும் அது அவர்களுடைய பிள்ளைதான்!

கணக்குப்படி நான்கில் ஒன்று. 40 தடவை சுண்டினோம், 10 வர வேண்டும். 13 வந்தது. "பிழைத்துவிட்டது சித்தி" என்றாள். இன்னொரு 40 சுண்டினோம், 8 வந்தது. ஒரு காசு மதிலால் உருண்டு மணலுக்குள் போய், கச்சான் விற்கிற ஐயா தேடி எடுத்துத் தந்தார். இரண்டையும் கூட்டச் சொன்னேன். 80இல் 21. அவள் கண் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்! மெண்டலும் இதனால்தான் ஆயிரக்கணக்கில் எண்ணினார். 7324 பட்டாணிகள்: உருண்டவை 5474, சுருங்கியவை 1850. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

இரத்த வகையும் இப்படித்தான். அம்மா ஏ, அப்பா பி, பிள்ளை ஓ. நடக்கலாம். ஓ பின்னிடைவானது, இருவரும் அதை ஒளித்து வைத்திருந்தால் போதும். ஆனால் இலங்கையில் மிகவும் பரவலாக இருப்பது அந்த ஓ வகைதான். மறுபக்கம், ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஆட்சியாக வருகிறது. ஊரில் எத்தனை பேருக்கு ஆறு விரல்? ஆகவே ஆட்சி என்றால் பலமானது, அதிகமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனிச் சொல்வதைப் பெரியவர்களும் கேளுங்கள். தலசீமியா என்ற இரத்த நோயும் பின்னிடைவானது. ஒரு பிரதி மட்டும் உள்ளவர் நம்மைப் போலவே நடமாடுவார், அவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கலியாணம் முடித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதே இரண்டு காசுதான். இரண்டு இலக்கமும் விழுந்த பிள்ளைக்குக் கடுமையான வகை என்றால், மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டி வரும். ஒரு பிரதி உள்ளவருக்கு மலேரியாவில் இருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்தது, அதனால்தான் மலேரியா ஆட்டிப்படைத்த நாடுகளில் இந்தப் பிரதி நிலைத்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. காய்ச்சல் போய்விட்டது, பிரதி இன்னும் இருக்கிறது. பத்துப் பொருத்தம் பார்க்கிற வீடுகளில் இந்த இரத்தப் பரிசோதனையையும் பதினோராவதாகச் சேருங்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

ரீச்சர்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டாரின் நாக்கையும் காதையும் வைத்து அட்டவணை போடச் சொல்லாதீர்கள். வளர்ப்புப் பிள்ளைகளும் தகப்பனைக் கண்டிராத பிள்ளைகளும் அதே வாங்கில் இருக்கிறார்கள். இரண்டு காசு போதும்.

பிள்ளைகளே, நீங்களும் 40 தடவை சுண்டுங்கள். இரண்டு இலக்கமும் எத்தனை தடவை விழுந்தது என்று கொமெண்டில் போடுங்கள். 3 வந்தாலும் 17 வந்தாலும் மாற்றாமல் அப்படியே போடுங்கள். அக்காவின் மகள் கொப்பியும் பேனையுமாகக் காத்திருக்கிறாள், எல்லாவற்றையும் கூட்டி அடுத்த வீடியோவில் அவளே சொல்வாள்.