மட் திரவத்தையும் கல்லையும் பிரிக்கும் ஷேல் ஷேக்கர்

வணக்கம். வேளச்சேரியில் எங்கள் தெருவில் கட்டட வேலை நடக்கிறது. சாய்த்து வைத்த சல்லடையில் மணலை அள்ளி வீசுகிறார்கள். காய்ந்த மணல் சரசரவென்று இறங்கிவிடும்; மழையில் நனைந்த மணல் வலையிலேயே அப்பிக்கொள்ளும். அப்போது அந்த அண்ணன் மண்வெட்டிக் காம்பால் சட்டத்தை ரெண்டு தட்டு தட்டுவார், பொலபொலவென்று உதிர்ந்துவிடும். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் அந்தத் தட்டை நிற்காமல் தட்டும் இயந்திரம்தான் ஷேல் ஷேக்கர்.

(திரையில்: ரிக்கின் குறுக்குவெட்டுப் படம்)

துளையிடும் குழாய்க்குள் இறக்கும் சேறு போன்ற திரவம்தான் மட். அது, அடியில் பிட் என்ற துளையிடும் முனை உடைத்த பாறைத் துணுக்குகளைச் சுமந்துகொண்டு குழாய்க்கு வெளியே மேலேறி வருகிறது. மட் விலை அதிகம், திரும்பவும் உள்ளே போக வேண்டும். கல்லோடு போனால் பம்ப் தேயும், துளையும் மெதுவாகும்.

ஷேக்கரின் கூடை ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேலே ரெண்டு மோட்டார், தண்டில் ஒரு பக்கம் மட்டும் கனமான எடை. ரெண்டும் எதிரெதிராகச் சுழலும்போது பக்கவாட்டு இழுப்பு ஒன்றையொன்று அடித்துவிடும், சாய்வாக முன்னே தூக்கும் விசை மட்டும் மிஞ்சும். அதனால்தான் சல்லடையை ஏற்றமாக வைத்தாலும் துணுக்குகள் மேல்நோக்கிக் குதித்துக் குதித்து நடந்து போய் விளிம்பில் விழுகின்றன, நேரில் பார்த்தால் கண் எடுக்கவே தோன்றாது. அதே அதிர்வு, சல்லடைக் கண்ணியில் ஒட்டிய திரவப் படலத்தை உடைத்து மட் திரவத்தைக் கீழே இறக்குகிறது.

சரி, கண்ணியை இன்னும் பொடியாக்கினால் நல்லதுதானே? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) தரத்தில் 200 எண் சல்லடை சுமார் 74 மைக்ரானில் பிரிக்கும். மட்டுக்குக் கனம் சேர்க்கும் பாரைட் தூளில் 100-க்கு 97 பங்காவது 75 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்பது ஏ.பி.ஐ. தரவிதி. அதைவிடப் பொடிக் கண்ணி போட்டால் காசு கொடுத்து வாங்கிய பாரைட்டும் குப்பைக்குப் போகும்.

(திரையில்: சல்லடை மேல் மட் தேங்கும் இடம்)

என்னைக் கேட்டால், திரவம் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். முக்கால்வாசி நீளத்தில் நின்றால் நல்ல அளவு. விளிம்பைத் தாண்டி வழிந்தால் கண்ணி அடைத்திருக்கிறது, அல்லது வரத்துக்குச் சல்லடை போதவில்லை. சின்னக் கிழிசல் இருந்தாலும் உடனே மாற்றுங்கள், கல் முழுக்க அந்த வழியாக இறங்கிவிடும்.

தப்பிப் போகும் பொடியை அடுத்து மணலைப் பிரிக்கும் டீசேண்டர், அதைவிடப் பொடியான வண்டலைப் பிரிக்கும் டீசில்ட்டர், அப்புறம் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் பிடிக்கும்.