பறவையின் அலகைப் பார்த்து இரையைச் சொல்ல முடியுமா?

அனைவருக்கும் வணக்கம்.

கொக்கி அலகென்றால் இறைச்சி, கூம்பு அலகென்றால் விதை, நீண்டு மெலிந்திருந்தால் தேன். பள்ளிச் சுவர்ப்படங்கள் இப்படித்தான் சொல்லித் தருகின்றன. பொய்யில்லை, ஆனால் பாதிதான். கிளிக்கும் கொக்கி அலகுதான். அது கொட்டை உடைக்கிறது. உள்ளானின் அலகு ஊசிபோல நீண்டது. அதற்கும் தேனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சேற்றுக்குள் அலகை இறக்கிய பிறகு, மேல் அலகின் நுனியை மட்டும் தூக்கிப் புழுவைக் கவ்வுகிறது. முழு வாயையும் திறந்தால் சேறு விடாது. நுனியில் நிறைந்திருக்கும் தொடு உணர்விகள் கண்ணின் வேலையைப் பார்க்கின்றன.

அலகின் உள்ளே எலும்பு, மேலே கெரட்டின் உறை. நம் நகம் போலவே அது வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருக்கும். சிப்பிபிடிப்பான் பறவைகளில், சிப்பியைக் குத்தி உடைப்பவற்றுக்கு முனை மழுங்கியிருக்கும். புழு தோண்டுபவற்றுக்குக் கூராக இருக்கும். உணவு மாறினால் சில வாரங்களில் முனையும் மாறிவிடும். கூண்டுக் கிளியின் அலகு மிகையாக நீண்டால் தேய்மானக் குறைவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஈரல் நோயோ, உண்ணித் தொற்றோ இருக்கலாம். நாமே வெட்டவும் கூடாது. உறைக்கு அடியில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன.

விதை தின்னும் அலகு ஒரு நெம்புகோல். தடித்த அட்டையைக் கத்தரிக்கும்போது நுனியால் வெட்ட மாட்டோம், ஆணிப் பக்கம் தள்ளுவோம். விதையும் தாடை மூட்டுக்கு எவ்வளவு அருகில் அமர்கிறதோ அவ்வளவு விசை கிடைக்கும். அந்த விசையில் அலகே விரிசல் விடாமல் இருக்க ஆழம் வேண்டும், அதாவது மேலிருந்து கீழாக உள்ள கனம்.

இந்த ஆழம் வாழ்வா சாவா என்பதைத் தீர்மானித்ததை கலாபகசுத் தீவுகளில் ஒன்றான டாஃப்னி மேஜரில் உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் அளந்தே காட்டினார்கள். 1977 வறட்சியில் சிறுவிதைகள் தீர்ந்தன. நெருஞ்சி வகையின் முட்காய்கள் மிஞ்சின. நடுத்தரத் தரைக் குருவி என்ற விதை தின்னும் பறவைகளில் பெரும்பாலானவை மடிந்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகு ஆழம் முன்பிருந்ததைவிட ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கூடுதல். அரை மில்லிமீட்டர்தான்! 1983 பெருமழைக்குப் பின் சிறுவிதைகள் பெருகியதும் நிலைமை தலைகீழானது. சிறிய அலகுகள் மேலோங்கின. ஆக, 'சிறந்த அலகு' என்று ஒன்று கிடையாது.

நத்தைகுத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி இருக்கும். பாக்குவெட்டி போல நத்தையை அந்த இடுக்கில் வைத்து நொறுக்குகிறது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அது தின்று போட்ட ஓடுகள் பெரும்பாலும் உடையாமலே கிடக்கின்றன. மேல் அலகால் நத்தையை அழுத்திப் பிடித்து, கீழ் அலகின் முனையை ஓட்டு மூடிக்குள் செலுத்தி, தசையை அறுத்து வெளியே இழுக்கிறது. குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் வரும்.

பூநாரை தலையைக் கவிழ்த்து உண்பதால் அதன் அலகும் தலைகீழாகப் பார்த்தால்தான் புரியும். தடித்த நாக்கு பம்பு போல முன்னும் பின்னும் ஓடி நீரை உறிஞ்சித் தள்ள, அலகோரச் சல்லடை நுண்ணுயிர்களைத் தடுத்துக்கொள்ளும். அலகை மட்டும் வரைந்து நாக்கை விட்டுவிட்டால் இயந்திரத்தில் பாதி காணாமல் போகும். மரங்கொத்தியும் அப்படித்தான்: உளி துளை போடும், இரையை எடுப்பது மண்டையோட்டைச் சுற்றி வளைந்த எலும்பு தாங்கும் நீண்ட நாக்கு. மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சுகிறது என்ற பழைய விளக்கத்தை 2022-இல் வந்த ஆய்வு மறுத்தது. உறிஞ்சினால் கொத்தின் வலு அல்லவா வீணாகும்!

டூக்கன் என்ற தென்னமெரிக்கப் பறவையின் பெரிய அலகு பழம் பறிக்கத்தான் என்றே சொல்லிவந்தோம். 2009-இல் வெப்பப் படக்கருவி வைத்துப் பார்த்தபோது, வெயில் ஏறுகையில் அலகுக்குப் போகும் ரத்தத்தைக் கூட்டி அது உடல் சூட்டை வெளியேற்றுவது தெரிந்தது.