அரண்மனையே இல்லாத அரண்மனைக்காரத் தெரு

(பாரிஸ் கார்னர், பஸ் ஹாரன் சத்தம்)

வணக்கம் மக்களே, நான் ராயபுரத்துல பொறந்து வளந்தவன், சின்ன வயசுல இந்த அரண்மனைக்காரத் தெருவுல எந்த ராஜா இருந்தாருன்னு நெஜமாவே தேடியிருக்கேன். ஒரு மண்ணும் கெடையாது. அர்மீனியா நாட்டுக்காரங்க பேருல இருந்த அர்மீனியன் ஸ்ட்ரீட்டுங்கிறது நம்மாளுங்க வாயில பொரண்டு பொரண்டு அரண்மனைக்காரனா ஆயிடுச்சு, அவ்ளோதான் மேட்டர்.

செவ்வாக்கெழம ஆனா அந்தோணியார் கோயிலுக்கு அவ்ளோ கூட்டம் வரும், ஆனா பக்கத்துலயே இருக்குற இந்த அர்மீனியன் சர்ச் உள்ள எட்டிப் பாக்கறவங்க கம்மி. வாங்க, நாம போலாம்.

(உள்ளே, முற்றம்)

சத்தம் எப்படி அடங்கிச்சு பாத்தீங்களா. மொதல்ல 1712ல கட்டினாங்க, இப்ப நிக்கிறது 1772ல கட்டினது. ஷாமியர்னு ஒரு பெரிய அர்மீனிய வியாபாரி, அவரு குடும்பத்தோட ஜெபக்கூடம் இருந்த எடம் இது, அவரு சம்சாரத்தையும் இங்கதான் பொதைச்சிருக்காங்க. கீழ பாருங்க, தரையில இருக்குற பலகைக்கல்லு எல்லாம் கல்லறை, மொத்தம் சுமார் 350 பேரு, நடக்கும்போது செருப்பக் கழட்டலாமா வேணாமான்னே கொழப்பமா இருக்கும். எழுத்து பூராவும் அர்மீனிய எழுத்து, நமக்கு ஒண்ணும் புரியாது, ஆனா கல்லுல வெட்டியிருக்குற நேர்த்திய சும்மா குனிஞ்சு பாத்துட்டே இருக்கலாம். இதுல ஷ்மாவோனியன்னு ஒரு பாதிரியார் தூங்குறாரு, உலகத்துலயே மொத அர்மீனிய பத்திரிகை 'அஸ்தரார்', அத 1794ல போட்டவரு இவருதான், அதுவும் நம்ம மெட்ராஸ்லருந்து!

சைதாப்பேட்டைல அடையாறு மேல மொதப் பாலம், பரங்கிமலை ஏறுற படிக்கட்டு, இதெல்லாம் கூட கோஜா பெத்ரூஸ் உஸ்கான்னு ஒரு அர்மீனியர் காசுதான், அது தனி வீடியோவா போடுறேன்.

(மணிக்கூண்டு)

இப்ப மெயின் விஷயம். கோபுரம் சர்ச்சோட ஒட்டாம தனியா நிக்குது, அகலமான மரப்படி, மேல ஆறு மணி, ஒவ்வொண்ணும் சுமாரா 150 கிலோ. ரெண்டு மணில 1837, தாமஸ் மியர்ஸ், லண்டன்னு போட்டிருக்கு, பின்னாடி லண்டன்ல இருக்குற பிக் பென்ங்கிற பெரிய மணிய வார்த்தாங்கல்ல, அதே பட்டறை. ஆனா எனக்கு அத விட இன்னொண்ணுதான் பெருசு, 1754ல செஞ்சு 1808ல மறுபடியும் உருக்கி வார்த்த மணி ஒண்ணு இருக்கு, அதுல இருக்குறது தமிழ் எழுத்து. யோசிச்சுப் பாருங்க, கீழ இருக்குற முந்நூத்தி சொச்சம் கல்லுல நம்மால ஒரு வரி படிக்க முடியல, அவங்க மணில போயி நம்ம எழுத்து.

இப்ப இங்க வழக்கமா பூசை நடக்குறதில்ல, பாத்துக்கறதெல்லாம் கொல்கத்தா அர்மீனியங்கதான். மணி மட்டும் ஞாயித்துக்கெழம காலைல அடிப்பாங்க, முடிஞ்சா அந்த நேரத்துக்கு வாங்க.

எறங்கும்போது பாத்து, பழைய மரப்படி, ஒரு ஒருத்தரா வாங்கப்பா.