சாந்திக்கு ஏழு வருஷம் முன்னால்

(கானாடுகாத்தானில் ஒரு சாந்தி வீட்டில், அதாவது அறுபதாம் கல்யாண வீட்டில், முந்தின நாள் சாயங்காலம் வளவில், வீட்டின் உள்முற்றத்தில், பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள், பேசினபடியே எழுதியிருக்கிறேன்.)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, எல்லோரும் உட்காருங்கள். உள்ளே கந்தரப்பம் வேகிற வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. இந்த நேரத்தில் மாரடைப்பைப் பற்றிப் பேச ஒரு டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று நம்ம அண்ணன் ஒருத்தருக்குத்தான் தோன்றும்.

நாம் சாந்தி பண்ணிக்கொள்கிற வயது 60. 2004இல் இன்டர்ஹார்ட் என்று மாரடைப்பைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. 52 நாடுகள், சுமார் 30,000 பேர், முன்னின்று நடத்தியவர் கேரளாவில் பிறந்த சலீம் யூசுஃப். அதில் நம் தெற்காசியக்காரர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். முதல் மாரடைப்பு வந்தவர்களில் பாதிப் பேர் 53 வயதைத் தாண்டவில்லை, மற்ற நாட்டுக்காரர்களுக்கு அது ஏறக்குறைய 59. அதாவது பத்திரிகை அடிக்க இன்னும் ஏழு வருஷம் இருக்கும்போதே நம்மில் பலருக்கு ஆள் வந்து கதவைத் தட்டுகிறது.

எங்கள் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, 54இல் தட்டியது. ராத்திரி சாப்பாடு முடிந்து நெஞ்சை அழுத்துகிறது என்றார், பனியன் தெப்பமாக நனைந்துவிட்டது. வாயு என்று அவரே முடிவு பண்ணிக்கொண்டார். ஆத்தா ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், நான் ஓடிப்போய் சோடா வாங்கி வந்தேன், ஒரு ஏப்பம் விட்டார், எங்களுக்கெல்லாம் நிம்மதி. விடிகிறதுக்குள் போய்விட்டார். அந்த சோடாவுக்கு ஓடின நேரத்தில் ஒரு வண்டிக்கு ஓடியிருக்கலாம் என்று இத்தனை வருஷம் கழித்தும் நினைத்துக்கொள்கிறேன்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டது என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் சரி. இந்த வளவுச் சுவரைப் பாருங்கள், சுண்ணாம்புப் பூச்சு, தடவினால் கை வழுக்குகிறது. ரத்தக் குழாயின் உள்பக்கமும் இப்படித்தான் இருக்கும். ரத்த அழுத்தம், சிகரெட், சர்க்கரை, இதெல்லாம் அந்த வழவழப்பைக் கெடுக்கும். அப்புறம் கெட்ட கொலஸ்ட்ரால் பூச்சுக்குப் பின்னால் இறங்கும், ஈரம் இறங்கின சுவர் மாதிரி அந்த இடம் உப்பும். இது இருபது முப்பது வருஷ வேலை, வலியே தெரியாது. ஒருநாள் உப்பின இடம் வெடிக்கிறது, ரத்தம் அதைக் காயம் என்று நினைத்து அங்கேயே உறைகிறது. அந்த உறைகட்டிதான் வழியை மூடுகிறது. பாதிகூட அடைக்காத இடம் திடீரென்று வெடிப்பதும் உண்டு, அதனால்தான் போன மாசம் ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று சொன்னவருக்கு இந்த மாசம் வந்துவிடுகிறது.

அந்த ஆய்வு ஒன்பது காரணங்களைச் சொன்னது, ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கு அவற்றுக்குள் அடங்கிவிடும். சிகரெட், கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை, மனக் கவலை, காய் கனி போதாதது, நடக்காதது, ஒன்பதாவதாக மதுப் பழக்கத்தையும் கணக்கில் எடுத்தார்கள். பரம்பரை என்று கையை விரிக்கிறவர்கள் இதை ஒரு தடவை திரும்பப் படிக்கலாம். பரம்பரைக்கும் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை, எனக்கே உண்டு. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் சிகரெட் இல்லையே என்று தப்பிக்க முடியாது, அதுவும் மாரடைப்பைக் கூட்டுகிறது.

நம்ம சாப்பாட்டைத் திட்டத்தான் வந்திருக்கிறேன் என்று ஆச்சிமார் முறைக்கிறீர்கள். மிளகும் மிளகாயும் இதயத்தை ஒன்றும் செய்யாது. சீயமும் வெள்ளைப் பணியாரமும் விசேஷத்துக்குச் செய்தது, விசேஷம் வருஷத்தில் சில நாள். இப்போது கடையில் தினமும் கிடைக்கிறது, காரைக்குடி போனால் கால் கிலோ வாங்காமல் யாராவது திரும்புகிறோமா? கவுனி அரிசியில் நார்ச்சத்து இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம், அதில் நாம் போடும் சீனியையும் நெய்யையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பலகாரம் சுட்ட எண்ணெயை நாளைக்கும் நாளை மறுநாளும் காய்ச்சாதீர்கள். எண்ணெயைவிட எனக்குப் பயம் உப்பில்தான். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது, ஒரு சின்னக் கரண்டி, அவ்வளவுதான். வத்தல், அப்பளம், மோர் மிளகாய், உப்புக்கண்டம், ஊறுகாய் எல்லாம் ஒரே இலையில் விழுந்தால் அந்தக் கரண்டி எங்கே நிற்கும்?

தொப்பைக்கு டேப் வேண்டாம், அரைஞாண் கயிற்றைக் கேளுங்கள், எத்தனை தடவை நீட்டிக் கட்டினோம் என்று அது சொல்லும். டேப்தான் வேண்டுமென்றால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும்.

நடைக்கு வருகிறேன். தைப்பூசத்துக்கு குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறோம், நல்லது. மீதி வாரமெல்லாம் பெட்டிக்கடைக்குக்கூட ஸ்கூட்டர். வாரத்துக்கு 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற வேகத்தில் நடந்தால் போதும், முருகனும் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆச்சிமார்களிடம் தனியாக ஒன்று. உங்களுக்கு நெஞ்சு வலியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. தாடை வலிக்கும், முதுகு வலிக்கும், மூச்சுத் திணறும், காரணமில்லாமல் அசதியாக இருக்கும். சர்க்கரை இருக்கிறவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். விருந்தாள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அடுப்படியிலேயே நிற்காதீர்கள்.

வந்துவிட்டால் 108. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகிற வீரமெல்லாம் வேண்டாம். 2023இல் இருந்து தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இதயத் தசை அரை மணி நேரத்திலேயே சாகத் தொடங்கிவிடும், சென்னையில் இருக்கிற மகனுக்குப் போன் பண்ணி எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று கேட்க அது காத்திருக்காது.

பிபி மாத்திரையை, நார்மல் ஆகிவிட்டது என்று நிறுத்தினவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மாத்திரை போட்டதால்தான் அது நார்மல்.

முகப்பில் பிபி மெஷின் வைத்திருக்கிறேன், பந்திக்கு முன்னாலேயே வாருங்கள். படியேறி வந்த கையோடு கையை நீட்டாதீர்கள், திண்ணையில் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி கழித்து. மாப்பிள்ளை அண்ணன் முதலில் வரட்டும், நாளைக்குக் காலையில் பிடித்தாலும் கிடைக்க மாட்டார்.