கொலர் யாரையும் தள்ளவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியிலிருந்து என்னைக் கண்ணாலேயே எரித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும், இந்த வெக்கையில் கடற்கரைக் காற்றை விட்டுவிட்டு மண்டபத்துக்குள் வந்து இருக்கிற திருகோணமலைச் சனங்களுக்கும் வணக்கம்.

'கோல்ஃப் திடலில் உடைக் கட்டுப்பாடு தேவையா, தேவையில்லையா?' என்பது தலைப்பு. தேவை என்று பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தையல் கடைக்காரன். கொலர் வைத்த சேர்ட் வேண்டாம் என்று தீர்ப்பு வந்தால் இவனுடைய பிழைப்புப் போய்விடும், அதுதான் வரிந்துகட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று நடுவர் நினைக்கக்கூடாது. கோல்ஃப்காரர் போடுகிறதெல்லாம் றெடிமேட். எனக்கு அதில் ஒரு சதம் வராது.

"திருகோணமலைக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம்?" என்று முதலில் பேசிய தம்பி கேட்டார். சீனன்குடாவில் விமானப்படையின் 18 குழித் திடல் இருக்கிறது, தம்பி. நாளைக்குக் கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ ஒரு பிள்ளை, இந்த மட்டையை ஒருநாள் பிடித்துப் பார்த்தால் என்ன என்று ஆசைப்பட்டு அப்படி ஒரு வாசலுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிள்ளைக்காகத்தான் நான் பேச வந்தேன். தம்பியும் அந்தப் பிள்ளைக்காகத்தான் பேசுவதாகச் சொன்னார். எங்கள் இரண்டு பேரில் யாருடைய பேச்சு அதற்கு உதவும் என்பதுதான் வழக்கு.

எதிரணி சொன்னதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொலர் வைத்த சேர்ட், இஸ்திரி போட்ட களிசான், இடுப்புப் பட்டி எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்றார்கள். வேண்டாதவனை வாசலில் நிறுத்தத்தான் இந்த விதி பிறந்தது என்றார்கள். கச்சான் என்கிற சுடுகாற்று வீசுகிற ஆனி ஆடியில் இந்த ஊரில் அதைப் போடச் சொல்வது கொடுமை என்றார்கள். உலகமே தளர்த்துகிற நேரத்தில் நாம் மட்டும் இறுக்குவதா என்றும் கேட்டார்கள். நல்ல பேச்சு. சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

தம்பி 1744ஆம் ஆண்டுக்கே போய்விட்டார். ஸ்கொட்லாந்தில் லீத் என்ற இடத்தில் கோல்ஃபுக்கு முதன்முதலில் எழுதிய 13 விதிகளில் உடையைப் பற்றி ஒரு சொல் கிடையாது என்றார். சரி, நூற்றுக்கு நூறு உண்மை. பந்து தண்ணீருக்குள் போனால் என்ன செய்வது என்று இருக்கிறது, சேர்ட்டைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் கதையை நடுவழியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த 13 விதிகளை எழுதிய சங்கம் இன்னும் இருக்கிறது. முயர்ஃபீல்ட் என்கிற பேர்பெற்ற திடல் அவர்களுடையதுதான். பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அந்தச் சங்கம் எப்போது சம்மதித்தது தெரியுமா? 2017இல். அதற்கு முந்தைய வருடம் வாக்கெடுப்பு வைத்து, மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றுப்போனது. இனி உங்கள் திடலில் பிரிட்டிஷ் ஓப்பன் என்கிற பெரிய போட்டி நடக்காது என்று அதை நடத்துகிற மேலிடம் கையை விரித்த பிறகுதான் மனம் இளகியது.

இப்போது கணக்குப் பாருங்கள். 1744இலிருந்து 2017 வரை 273 வருடம். அத்தனை காலம் பெண்களை வெளியே வைத்தது கொலரா, களிசானா? எந்தப் பட்டுடுத்தி வந்திருந்தாலும் அவர்களுக்கு அங்கே உறுப்புரிமை இல்லை. அந்த 13 விதிகளில் உடையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமலே ஆளைத் தள்ளிக் காட்டிய சங்கத்தைத்தான் தம்பி எனக்கு எதிராகச் சாட்சிக்குக் கூட்டிவந்தார். சாட்சி என் பக்கம் பேசிவிட்டது, ஐயா.

தள்ளுகிறவனுக்கு விதி தேவையில்லை. பார்வை போதும்.

ஒரு கல்யாணத்துக்காகத் தலைநகருக்குப் போயிருந்தோம். பெரிய ஹோட்டல். என் மாமா மூதூர்ப் பக்கம் வயல் செய்கிறவர். வெள்ளைச் சாரம், முழுக்கைச் சேர்ட், காலில் துடைத்துத் துடைத்துப் பளபளக்கிற தோல் செருப்பு. வாசலில் உடையைப் பற்றி எந்தப் பலகையும் இல்லை. ஆனாலும் காவலாளி மாமாவை நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள், அழைப்பிதழ் எங்கே என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். மாமா சேர்ட் பொக்கற்றுக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டு நிற்க, பின்னால் ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கட்டைக் களிசான், கையில்லாத பெனியன், றப்பர் செருப்பு. காவலாளி மாமாவைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, அவருக்குக் கதவைத் திறந்து சல்யூட்டும் அடித்தார்.

அங்கே ஒரு பலகை இருந்திருந்தால்? 'செருப்பும் பெனியனும் கூடாது' என்று எழுதியிருந்தால் இரண்டு பேரையும் நிறுத்தியிருக்க வேண்டும். 'சாரம் கூடும்' என்று எழுதியிருந்தால் மாமா அதைக் கையால் காட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திப் போயிருப்பார். எழுதாததால் காவலாளியின் கண்தான் சட்டமாக இருந்தது. அந்தக் கண் யாரை முதலில் நிறுத்தும் என்று இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உடைக் கட்டுப்பாடு வேண்டாம் என்று எதிரணி கேட்பது, பலகையைக் கழற்று, காவலாளியை மட்டும் வைத்திரு என்பதுதான். கிண்ணியாப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா? கொலர் உள்ள ரீசேர்ட், நீளக் களிசான், அடி தட்டையான சப்பாத்து என்று எழுதி ஒட்டியிருந்தால் பிள்ளை அதை வாசித்துவிட்டு வரும். கொலர் ரீசேர்ட் நம் ஊர்க் கடைத்தெருவில் கிடைக்காத சாமானா? பெருநாளுக்கு எடுத்தது ஒன்று வீட்டிலேயே கிடக்கும். கோல்ஃபில் ஏழையைத் தடுப்பது எது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். ஒரு பையில் 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. அந்த மட்டையின் விலை, பந்தின் விலை, திடலுக்குக் கட்டுகிற பணம், இவ்வளவும் மலையாக நிற்கிறபோது, எல்லாவற்றிலும் மலிவான கொலரைப் பிடித்து அடிப்பானேன்?

பெரிய ஆளுக்கும் ஒரே விதி என்றால்தான் அது விதி. நல்லூரில் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கனடாவிலிருந்து வந்தவரும் கழற்றுகிறார், வாசலில் கச்சான் கடலை விற்கிறவரும் கழற்றுகிறார். கோயிலும் கோல்ஃபும் ஒன்றா என்று தங்கச்சி முறைக்கிறார். சரி, கோல்ஃபிலேயே சொல்கிறேன். 2024 மாஸ்டர்ஸ் என்கிற பெரிய கோல்ஃப் போட்டி, அமெரிக்காவின் அகஸ்டா திடல். ஜேசன் டே ஒரு காலத்தில் உலகத்தின் முதல்நிலை ஆட்டக்காரர். பெரிய பெரிய எழுத்து அச்சடித்த, கையில்லாத மேலங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆடவந்தார். நிர்வாகம் கழற்றச் சொன்னது, கழற்றினார். அவரையே கழற்றச் சொல்லக்கூடிய இடத்தில், சரியான உடையோடு வந்த சின்னப் பிள்ளையைத் திருப்பி அனுப்ப ஒருவரும் காரணம் தேட முடியாது.

இனி வெக்கை. கச்சான் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம், மெஷினுக்கு முன்னால் இருந்து அவிந்தவன் நான். ஆனால் தொழில்காரனாக ஒன்று சொல்ல விடுங்கள். இந்தக் கொலர் ரீசேர்ட்டைக் கோட்டு சூட்டின் தம்பி என்று எதிரணி நினைத்துக்கொண்டிருக்கிறது. அது பிறந்ததே வெக்கைக்காக. பிரெஞ்சு டெனிஸ் வீரர் ரெனே லக்கோஸ்த், முழுக்கை வெள்ளைச் சேர்ட்டோடு ஓடி ஆட முடியாமல், 1926இல் அமெரிக்கப் போட்டிக்குக் கட்டைக் கை வைத்த பின்னல் துணிச் சட்டையைப் போட்டுவந்தார். சாதாரண சேர்ட்டின் கொலரை நாங்கள் இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் கன்வஸ் வைத்து, கழுத்துப் பட்டியோடு சேர்த்துத் தைப்போம். விறைப்பாக நிற்கும், வியர்த்தால் அறுக்கும். இந்த ரீசேர்ட்டின் கொலரில் அந்தக் கன்வஸும் இல்லை, பட்டியும் இல்லை. மெத்தென்ற பின்னல். தூக்கிவிட்டால் பிடரியில் வெயில் படாது. கோல்ஃப்காரர் குழிக்குப் பக்கத்தில் குனிந்தபடி எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? குனிந்தவருக்கு முதலில் கருகுவது பிடரிதான். கொலர் இல்லாத பெனியனோடு நாலு மணித்தியாலம் அங்கே நடந்துவிட்டு வந்து பிறகு என்னோடு பேசுங்கள்.

இந்த ரீசேர்ட்டின் பின்பக்கத்தை ஏன் நீளமாக வெட்டுகிறார்கள்? கையைத் தூக்கி வீசும்போது சட்டை களிசானை விட்டு மேலே ஏறாமல் இருக்கத்தான். ஜீன்ஸ் தைக்கிற டெனிம் துணி ஏன் ஆகாது என்று கேட்டார்கள். மற்றவர்கள் சொல்கிற காரணம் எதுவோ, என் காரணம் இது: பாரத் துணி, வியர்வையைக் குடித்தால் லேசில் காயாது, பிறகு தொடையை உரசி எடுத்துவிடும். சப்பாத்துக்கோ இதைவிட நியாயம் இருக்கிறது. குழி இருக்கிற பச்சைத் தரையில் புல்லை மூன்று நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒட்ட வெட்டி வைத்திருப்பார்கள். குதிக்கால் அழுந்திய ஒரு பள்ளம் போதும், பின்னால் வருகிறவரின் பந்து கோணிப்போகும். அதனால்தான் ஆணி வைத்த சப்பாத்தைக்கூடப் பல கிளப்புகள் விலக்கிவிட்டு, பிளாஸ்டிக் முள்ளுக்கு மாறின.

உலகம் தளர்த்துகிறது என்று சொன்னீர்கள். தளர்த்தட்டுமே! யார் வேண்டாம் என்றது? அமெரிக்காவில் தொழில்முறை கோல்ஃப் போட்டிகளை நடத்துகிற பீஜீஏ டூர் 2019இல் பயிற்சிச் சுற்றுகளுக்குக் கட்டைக் களிசானை அனுமதித்தது. போட்டிச் சுற்றுக்கு நீளக் களிசான் என்பதை விடவில்லை. 2024 கடைசியில் நியூயோர்க் சதுரங்கப் போட்டியில் உலகத்தின் முதல்நிலைச் சதுரங்க வீரர் மக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸோடு வந்தார். 200 டொலர் தண்டம், மாற்ற மாட்டேன் என்று எழும்பிப் போய்விட்டார். எதிரணி இதைச் சொல்லி விசில் வாங்கியது. மிச்சத்தையும் சொல்லியிருக்கலாம். அதே போட்டியில் ரஷ்ய வீரர் நெப்பொம்னியாச்சி சப்பாத்துக்காகத் தண்டம் வாங்கி, மாற்றிக்கொண்டு வந்து விளையாடினார். அப்புறம் உலகச் சதுரங்கச் சம்மேளனம் விதியைக் கிழித்ததா? கோட்டோடு பொருந்துகிற ஜீன்ஸ் ஆகும் என்று ஒரு திருத்தம் போட்டது. கார்ல்சனும் திரும்பி வந்தார்.

வேட்டிக் கதையையும் எடுத்தார்கள். சென்னையில் 2014இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை, வேட்டி கட்டி வந்தார் என்று ஒரு கிரிக்கெட் சங்கத்தின் கிளப் உள்ளே விடவில்லை. கேட்க எனக்கும் இரத்தம் கொதித்தது. வேட்டிக்கு ஒரு வாசல் மூடினால் நான் எந்த அணியில் இருந்தாலும் எழும்பிக் கத்துவேன். ஆனால் தமிழ்நாடு அதற்கு என்ன மருந்து கொடுத்தது? அதே வருடம் சட்டம் போட்டது. வேட்டியோடு வருகிறவரைத் தடுத்தால் சிறை, 25,000 ரூபாய் அபராதம். கிளப்புகளுக்கு உடை விதியே இருக்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வேட்டியைத் தள்ளாதே என்று எழுத்தில் போட்டது. நோய்க்கு மருந்து கொடுத்தார்கள், நோயாளியைக் கொல்லவில்லை.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். 2017இல் அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் சங்கம், கழுத்து எவ்வளவு இறங்கலாம், பாவாடை எவ்வளவு ஏறலாம் என்று பெண்களுக்கு ஒரு கட்டளை அனுப்பியது. முதல் தடவைக்கு 1,000 டொலர் தண்டமாம். அதை நான் தாங்கிப் பேச மாட்டேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பெண்பிள்ளைகளின் பின்னால் திரிகிற விதி கேவலம். ஆண்களின் தொப்பைக்கு இப்படி ஒரு கட்டளை போட்டதாக நான் கேள்விப்படவில்லை. உடையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே இந்த ஊரில் புண்பட்ட மனங்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அது வேறு வழக்கு, பெரிய வழக்கு. கோல்ஃப் பட்டிமன்றத்தில் வைத்துச் சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்கிற விசயம் இல்லை. அதனால் அதற்குள் நான் போகவில்லை.

என் அணி கேட்பது, வாசலில் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக ஒரு பலகை. கட்டைக் களிசான் ஆகுமென்றால் ஆகும் என்று போடுங்கள். தலையை மூடி, முழுக்கை போட்டு ஆட வருகிற பிள்ளைக்கும் ஆகும் என்று போடுங்கள். வேட்டியோடு ஆடலாமா என்று யாரோ பின்வரிசையில் கேட்பது காதில் விழுகிறது. மடித்துக் கட்டிக்கொண்டு ஒருதடவை மட்டையை வீசிப் பாருங்கள், விதி தேவையா இல்லையா என்று உங்களுக்கே விளங்கும்!

மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வருகிற தங்கச்சியிடம் ஒரே ஒரு கேள்வி. பலகை இல்லாத வாசலில் என் மாமாவும் அந்த வெள்ளைக்காரரும் மறுபடியும் ஒன்றாக வந்து நின்றால், யார் உள்ளே போவது என்று யார் முடிவெடுப்பார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். வணக்கம்.